எஃகு ஒருமுறை நெகிழ்ந்த பிறகு: நிலைச் சுமையோடு திரும்பத் திரும்ப வரும் இயக்கச் சுமை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு அமைப்பின் மேல் எப்போதும் ஒரு சுமை உட்கார்ந்திருக்கிறது: சொந்த எடை, உள்ளே இருக்கும் அழுத்தம், மேலே வைத்த இயந்திரம். அதோடு கூட அதிர்வோ, மோதலோ, வெப்ப ஏற்ற இறக்கமோ வந்து வந்து போகிறது. இரண்டும் சேர்ந்தால் அமைப்பு தாங்குமா, தாங்காதா? இதைப் பற்றி மாணவர்களும் இளம் பொறியாளர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் சின்ன எண்களாகவே எடுத்திருக்கிறேன். தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

மீட்சி-பிளாஸ்டிக் அமைப்பு என்றால் என்ன?

ஒரு துண்டு கட்டுக்கம்பியை எடுத்து லேசாக வளைத்து விடுங்கள். பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அது மீட்சி. இன்னும் கொஞ்சம் பலமாக வளைத்து விட்டால் பாதி திரும்பும், பாதி வளைவு அப்படியே நிற்கும். அந்த நிற்கும் பாதிதான் பிளாஸ்டிக் திரிபு (திரிபு என்றால் வடிவ மாற்றம்). வாளி, குடம் செய்யும் பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. திரும்பி வராத திரிபு என்பதுதான் இங்கே பொருள்.

சாதாரணக் கட்டுமான எஃகில் இந்த மாற்றம் ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல் தகைவில் (தகைவு என்பது ஒரு பரப்பில் விழும் உள்விசையின் செறிவு) தொடங்கும். இதை நெகிழ்வுத் தகைவு என்கிறோம்; நிரந்தரமாகத் திரியத் தொடங்குவதைத்தான் இங்கே நெகிழ்வது என்கிறேன். அதுவரை தகைவும் திரிபும் நேர்கோட்டில் போகும். அதற்குப் பிறகு தகைவு அவ்வளவாக ஏறாமல் திரிபு மட்டும் நீண்டுகொண்டே போகும். கீழே வரும் கணக்குகளில் தகைவு 250-ஐத் தாண்டவே தாண்டாது என்று வைத்துக்கொள்கிறேன்.

நெகிழ்ந்துவிட்டால் அமைப்பு போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தப் பக்கம் முழுக்க அந்தப் பயத்தைப் போக்கத்தான். கூடவே, பயப்பட வேண்டிய இடம் வேறு எங்கே இருக்கிறது என்று காட்டவும்தான். அமைப்பு நெகிழ்ந்ததா என்று கேட்பது பாதிக் கேள்வி. நெகிழ்வது எப்போதாவது நிற்குமா, இல்லை ஒவ்வொரு சுற்றிலும் தொடருமா என்பதையும் கேட்டால்தான் அது முழுக் கேள்வி ஆகும்.

நெகிழ்ந்த பிறகு எப்படி நிற்கும்? எது நிறுத்துகிறது?

எஞ்சிய தகைவு. சுமையை எடுத்த பிறகும் உள்ளே தங்கிவிடும் தகைவு அது.

செவ்வகக் குறுக்குவெட்டு கொண்ட ஒரு விட்டத்தை எடுத்துக்கொள்வோம். வளைக்க வளைக்க, மேல் கீழ் விளிம்புகள் முதலில் நெகிழும். அந்த நேரத்து வளைவுத் திருப்புமையை (வளைக்கும் விசையின் திருப்பு வலுவை) ‘முதல் நெகிழ்வு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வளைத்தால் நெகிழ்ச்சி உள்நோக்கிப் பரவும். முழுக் குறுக்குவெட்டும் நெகிழும்போது திருப்புமை முதல் நெகிழ்வைப் போல 1.5 மடங்கு ஆகியிருக்கும். இப்போது சுமையை எடுங்கள். இறங்கும் பாதை மீட்சிப் பாதை. விளிம்பில் இருந்த 1 பங்கு தகைவிலிருந்து 1.5 பங்கு கழிகிறது; மிச்சம் எதிர்த்திசையில் அரைப் பங்கு. அதாவது விட்டம் சும்மா கிடக்கும்போதே அதன் விளிம்பு எதிர்ப்பக்கமாக இழுபட்டு நிற்கிறது.

அடுத்த முறை அதே திசையில் அதே 1.5 மடங்கு சுமை வந்தால் என்ன ஆகும்? விளிம்பு எதிர்ப்பக்கத்தில் அரைப் பங்கிலிருந்து தொடங்குவதால், 1.5 ஏறி மறுபடி 1-க்குத்தான் வரும். புதிதாக எதுவும் நெகிழாது. முதல் தடவை நெகிழ்ந்ததே இரண்டாம் தடவைக்கான ஏற்பாடாக ஆகிவிடுகிறது. அமைப்பு தனக்குத் தேவையான எஞ்சிய தகைவைத் தானே உண்டாக்கிக்கொண்டு, அதற்கப்புறம் மீட்சியாகவே நடந்துகொள்வதைத்தான் ஷேக்டவுன் என்கிறார்கள்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. அதே விட்டத்தை எதிர்த்திசையில் வளைத்தால், முதல் நெகிழ்வில் பாதி வந்ததுமே விளிம்பு நெகிழத் தொடங்கும். ஒரு பக்கம் 1.5, மறு பக்கம் 0.5; கூட்டினால் 2. இந்த இரண்டு மடங்கு வீச்சு எஞ்சிய தகைவால் மாறாது; அதை ஒரு பக்கம் நகர்த்தத்தான் முடியும். அழுத்தக் கலன் வடிவமைப்பில் மீட்சித் தகைவு வீச்சு நெகிழ்வுத் தகைவின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அது வருவது இங்கிருந்துதான்.

திரும்பத் திரும்பச் சுமை வந்தால் என்னவெல்லாம் நடக்கலாம்?

எதுவுமே நெகிழாமல் போகலாம். முதல் சில சுற்றுகளில் நெகிழ்ந்து அப்புறம் அடங்கலாம், இதுதான் ஷேக்டவுன். ஒரு சுற்றில் முன்னால் நெகிழ்ந்து அதே சுற்றில் பின்னால் நெகிழ்ந்து, வடிவம் மாறாமலே உள்ளே அரைபட்டுக்கொண்டிருக்கலாம். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்பது இதுதான். கடைசியாக, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டோ சாய்ந்துகொண்டோ போகலாம். இதை ராட்செட்டிங் என்பார்கள், ராட்செட் சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே நகர்வது போல. ஒரே சுமையில் மொத்தமாகச் சரிந்து விழுவது தனிக் கதை. அதற்குச் சுற்றுகளே வேண்டாம்.

நிலைச் சுமை மாறாமல்தானே இருக்கிறது? அதனால் என்ன கெடுதல்?

நான் மிக அதிகமாக எதிர்கொள்ளும் கேள்வி இது. பதிலை ஒரு கணக்காகவே காட்டுகிறேன்.

ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரே மாதிரி இரண்டு எஃகுக் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கீழே ஒரு விறைப்பான குறுக்குத்தண்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது சாயாது, ஆகவே இரண்டும் ஒரே அளவுதான் நீள முடியும். தண்டில் ஒரு எடை தொங்குகிறது. அதனால் ஒவ்வொரு கம்பியிலும் 150 மெகாபாஸ்கல் இழுவைத் தகைவு. நெகிழ்வுத் தகைவு 250. நிலைச் சுமையை மட்டும் பார்த்தால் தாராளமாகத் தாங்கும்.

இப்போது முதல் கம்பியை மட்டும் சூடாக்குகிறோம், ஆறவிடுகிறோம், மறுபடி சூடாக்குகிறோம். சூடான கம்பி நீளப் பார்க்கும், மற்றது பிடித்து இழுக்கும். எஃகுக்கு யங் குணகம் (விறைப்பின் அளவு) 200 ஜிகாபாஸ்கல், வெப்ப விரிவு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு என்று எடுத்தால், ஒரு டிகிரிக்கு 1.2 மெகாபாஸ்கல் வீதம் சூடான கம்பியில் குறையும், குளிர்ந்த கம்பியில் கூடும். 200 டிகிரி ஏற்றினால் 240. எடை எதுவும் தொங்காதபோது இந்த 240 ஒன்றுமே செய்யாது, 250-க்குள்தான் இருக்கிறது.

ஆக எடை தனியாக வந்தாலும் பாதுகாப்பு, வெப்பம் தனியாக வந்தாலும் பாதுகாப்பு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் 150 டிகிரி மட்டும் ஏற்றுவோம். அதாவது 180 மெகாபாஸ்கல். குளிர்ந்த கம்பியில் 150-ம் 180-ம் சேர்ந்து 330 வர வேண்டும், ஆனால் 250-க்கு மேல் ஏறாது. அது நெகிழ்ந்து, எடையின் மிச்சப் பங்கைச் சூடான கம்பி ஏற்றுக்கொள்கிறது: ஒன்றில் 250, மற்றதில் 50. ஆறவிட்டால் 250 இருந்த இடத்தில் 70, 50 இருந்த இடத்தில் 230. இரண்டும் வரம்புக்குள். மறுபடி சூடாக்கினால் மறுபடி 250, 50. அவ்வளவுதான், நெகிழ்ச்சி நின்றுவிட்டது. தண்டு நிரந்தரமாக 0.4 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். இனி எத்தனை சுற்று போனாலும் அதற்கு மேல் இறங்காது.

இப்போது 200 டிகிரி. சூட்டில் 250, 50 என்று நிற்கிறது. ஆறும்போது சூடாக இருந்த கம்பியில் 50-ம் 240-ம் சேர்ந்து 290 வரப் பார்க்கும். 40 அதிகம், ஆகவே இந்த முறை இந்தக் கம்பி நெகிழ்கிறது. அடுத்த சூட்டில் மற்றது நெகிழ்கிறது. ஒன்று மாற்றி ஒன்று, இரண்டும் கீழ்நோக்கியே நீள்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் 0.4 மில்லிமீட்டர். நூறு சுற்றில் 40 மில்லிமீட்டர், நிற்கவே நிற்காது. 150 டிகிரியில் ஒரே ஒருமுறை வந்த அதே 0.4, 200 டிகிரியில் ஒவ்வொரு முறையும் வருகிறது.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் எல்லை எளிமையானது: நிலைத் தகைவோடு மாறும் தகைவில் பாதியைக் கூட்டினால் நெகிழ்வுத் தகைவைத் தாண்டக்கூடாது. மாறும் சுமை நெகிழ்ச்சியைக் கிளப்பிவிடுகிறது. எந்தப் பக்கம் நகர்வது என்பதை நிலைச் சுமை தீர்மானிக்கிறது. அது மாறாமல் இருப்பதால்தான் கெடுதலே. திசை மாறிக்கொண்டே இருந்திருந்தால் ஒருமுறை நீண்டது இன்னொருமுறை சுருங்கியிருக்கும்.

அணு உலை எரிபொருள் உறைகளுக்கு இதே கேள்வியை 1967-ல் ஆராய்ந்தவர் ஜே. ப்ரீ. ஒரு அச்சில் மாறாத அழுத்தத் தகைவு, இன்னொரு அச்சில் வந்து போகும் வெப்பத் தகைவு என்று அவர் வரைந்த ப்ரீ வரைபடத்தை அழுத்தக் கலன் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

ஒவ்வொரு சுற்றையும் இப்படிப் பின்தொடராமல் முன்கூட்டியே சொல்ல முடியாதா?

முடியும். இந்தத் துறையின் அழகே அங்கேதான் இருக்கிறது. 1930-களில் ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் மெலான் நிறுவிய தேற்றம் இது: வெளிச்சுமை எதுவும் இல்லாமல் தனக்குள் சமநிலையில் இருக்கும் ஏதாவது ஒரு எஞ்சிய தகைவை நீங்கள் கண்டுபிடித்து, அதை எல்லா நேரத்து மீட்சித் தகைவோடும் கூட்டினால் எங்கும் நெகிழ்வு எல்லையைத் தாண்டவில்லை என்று காட்டினால் போதும், அமைப்பு அடங்கிவிடும். அமைப்பு உண்மையில் அந்த எஞ்சிய தகைவுக்குத்தான் போய்ச் சேரும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி ஒன்று இருந்தாலே போதும். அமைப்பு தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது எந்த வகை நெகிழ்ச்சி தொடர்ந்து குவிய முடியும் என்ற பக்கத்திலிருந்து, 1950-களில் டச்சுப் பொறியாளர் வார்னர் கோய்ட்டர் இன்னொரு தேற்றம் தந்தார். மெலான் வழியில் கிடைக்கும் சுமை வரம்பு பாதுகாப்பான பக்கம் நிற்கும், கோய்ட்டர் வழியில் கிடைப்பது மேல்வரம்பு. இரண்டும் நெருங்கி வந்தால் விடை கையில்.

எஞ்சிய தகைவு உருவாக மிகைத் தாங்குதல் (ஒன்று நெகிழ்ந்தால் சுமையை ஏற்க இன்னொன்று இருப்பது) வேண்டும் என்பதையும் கவனியுங்கள். மேலே இருந்தது ஒற்றைக் கம்பியாக இருந்தால் தனக்குள் சமநிலை என்று ஒன்று அதற்கு இல்லை. சாய்த்துக்கொள்ளத் தோள் இல்லாதவனைப் போல, அதற்கு முதல் நெகிழ்வே கடைசி எல்லை.

சரி, சுமை உண்மையிலேயே இயக்கச் சுமையாக இருந்தால்? அதிர்வும் நிலைமமும் சேர்ந்தால்?

மெலான் காலத்துத் தேற்றம் மெதுவாக மாறும் சுமைக்கானது. நிலைம விசையையும் அதிர்வுத் தணிப்பையும் சேர்த்து அதை விரித்தவர் இத்தாலியரான செரடினி, 1969-ல். நடைமுறையில் இரண்டு விஷயம் மாறுகிறது.

ஒன்று, கூட்ட வேண்டிய மீட்சித் தகைவு இப்போது இயக்கக் கணக்கிலிருந்து வர வேண்டும். சுமையின் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். திடீரென வைத்த சுமை, தணிப்பு இல்லாத மீட்சி அமைப்பில், மெதுவாக வைத்ததைப் போல இரண்டு மடங்கு விளைவைத் தரும். சுமையின் அதிர்வெண் அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், 5 சதவீதத் தணிப்பு இருக்கும்போது பத்து மடங்கு. அதே சுமை வேறு அதிர்வெண்ணில் வந்தால் பாதுகாப்பு, இந்த அதிர்வெண்ணில் வந்தால் ராட்செட்டிங். எஞ்சிய தகைவு எவ்வளவுதான் உதவினாலும் ஒத்ததிர்வை அது ஈடுகட்டாது.

இரண்டாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. தொடக்கத்தில் அமைப்பு எந்த நிலையில் இருந்தது, எந்த வேகத்தில் ஆடத் தொடங்கியது என்பதெல்லாம் அடங்குமா அடங்காதா என்ற கேள்விக்கு முக்கியமில்லை. ஏதோ ஒரு கற்பனைத் தொடக்கத்தை வைத்து, ஏதோ ஒரு நேரத்துக்குப் பிறகு மீட்சி இயக்கமும் மாறாத ஒரு எஞ்சிய தகைவும் சேர்ந்து எல்லைக்குள் நின்றால் போதும். தொடக்கக் குலுக்கலில் என்ன நடந்தாலும் அது கடந்துபோகிற விஷயம்.

நிலநடுக்கம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறதே, அதற்கும் இதே கேள்வியா?

நியாயமான சந்தேகம். ஒரு நிலநடுக்கம் நின்றதும் நெகிழ்ச்சியும் நின்றுதான் ஆக வேண்டும். ஆகவே அங்கே “அடங்குமா” என்று கேட்பதில் பொருளில்லை, “அடங்கும் முன் எவ்வளவு” என்றுதான் கேட்க வேண்டும். பெரிய அதிர்வும் அதன் பின்னதிர்வுகளும் திரும்பத் திரும்ப வரும் என்று எடுத்தால்தான் பழைய கேள்வி மறுபடி உயிர்பெறும்.

நிலைச் சுமையின் பங்கு இங்கே இன்னும் கொடியது. பக்கவாட்டில் இரு திசையிலும் 100 அலகு எதிர்ப்புள்ள ஒரு சட்டகம் என்று வைப்போம். அது ஏற்கெனவே சற்றுச் சாய்ந்திருப்பதால் மேலே உள்ள எடை அதை ஒரு பக்கம் 30 அலகு தள்ளுகிறது. அந்தப் பக்கம் இப்போது 70 தான் மிச்சம், எதிர்ப்பக்கம் 130. குலுக்கல் இரு திசையிலும் 90 வந்தால், 70 பக்கம் ஒவ்வொரு முறையும் நெகிழும், 130 பக்கம் ஒருமுறைகூட நெகிழாது. சாயச் சாய அந்த 30 என்பது 35 ஆகும், 40 ஆகும். அமைப்பு சாய்ந்த திசையிலேயே மேலும் சாயும். இந்த வடிவ மாற்றத்தின் விளைவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் விடை அழகாக வரும், ஆனால் தப்பாக வரும். மெலான், கோய்ட்டர் தேற்றங்களும் சிறு இடப்பெயர்ச்சி என்ற அடிப்படையில்தான் நிற்கின்றன.

தூணில் அச்சுச் சுமை (அதன் நீளவாக்கில் விழும் சுமை) இருந்தால் வளைவு வலிமையும் குறையும். செவ்வகக் குறுக்குவெட்டில், அச்சுச் சுமை தன் முழு வரம்பில் பாதியாக இருந்தால் பிளாஸ்டிக் வளைவு வலிமையில் முக்கால் பங்குதான் கைக்கு வரும்.

கொஞ்சம் நெகிழ அனுமதித்தால் என்ன லாபம்?

நிறைய. திடீரென வைத்து அப்படியே நிற்கும் ஒரு சுமையை முழுக்க மீட்சியாகத் தாங்க, அந்தச் சுமையைப் போல இரண்டு மடங்கு வலிமை வேண்டும். நெகிழ்வு இடப்பெயர்ச்சியைப் போல ஐந்து மடங்கு வரை நகரலாம் என்று விட்டால், 1.11 மடங்கு போதும். ஆனால் இது ஒரே ஒரு தடவைக்கான கணக்கு. அதே ஐந்து மடங்கைப் பத்துத் தடவை அனுமதிக்கலாம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தத் தவறைப் பார்த்திருக்கிறேன்.

வேகமாக அடிபட்டால் எஃகு வலுக்கும் என்கிறார்களே?

உண்மைதான். மென்னெஃகு திரிபு வேகத்தை நன்றாகவே உணரும். வேகத்தோடு வலிமை எப்படி ஏறும் என்று சொல்லும் கௌப்பர்-சைமண்ட்ஸ் சூத்திரத்தின் வழக்கமான எண்களின்படி நொடிக்கு 40 என்ற திரிபு வேகத்தில் அதன் நெகிழ்வுத் தகைவு இரண்டு மடங்காகும். மோதல் கணக்கில் இது கைகொடுக்கும். சாதாரண அதிர்வில் வேகம் அதைவிட மிக மிகக் குறைவு, அங்கே இந்த லாபத்தை நம்பக் கூடாது.

மென்பொருளில் நூறு சுற்று ஓட்டிப் பார்த்தால் போதாதா?

ஓட்டுங்கள், ஆனால் எந்தப் பொருள் மாதிரியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள். நெகிழும் திசையில் எதிர்ப்பு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும் என்று கொள்ளும் நேர்கோட்டு இயக்கக் கடினமாதல் மாதிரியைப் போட்டால் ராட்செட்டிங் காலப்போக்கில் நின்றுவிடும், உண்மையில் நிற்காத இடத்திலும்கூட. மேலே பார்த்த இரண்டு கம்பிகளும் அந்த மாதிரியில் சமர்த்தாக அடங்கிவிடும். அந்த ஏற்றம் ஒரு வரம்போடு நின்றுவிடும் என்று கொள்ளும் ஆம்ஸ்ட்ராங்-ஃபிரெடெரிக் மாதிரி எதிர்ப்பக்கம் தவறும். பல நேரம் உண்மையைவிட அதிகமாக நகரும். ஆகவே இரண்டு கம்பிக் கணக்கு போன்ற விடை தெரிந்த ஒன்றை முதலில் ஓட்டி, மென்பொருள் 0.4 தருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பெரிய அமைப்புக்குப் போங்கள். அரை மணி நேர வேலை.

அடங்கிவிட்டால் சோர்வு முறிவைப் பற்றிக் கவலை இல்லையா?

இருக்கிறது. அடங்கியது என்றால் புதிதாக நெகிழவில்லை என்று மட்டும்தான். மீட்சி எல்லைக்குள்ளேயே லட்சக்கணக்கில் சுற்றுகள் போனால் விரிசல் விடலாம். பற்றவைப்பு ஓரங்களில் இது இன்னும் சீக்கிரம் வரும். அதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று: தேற்றம் அடங்கும் என்று சொல்லும், அதற்குள் எவ்வளவு வளைந்திருக்கும் என்று சொல்லாது. கதவு மூடாத அளவு சட்டகம் கோணிய பிறகு அடங்கி என்ன பயன்? எல்லைக்கு ஒட்டி நிற்காமல் கொஞ்சம் உள்ளே நின்றால் மொத்த நெகிழ்ச்சிக்கு ஒரு மேல்வரம்பு கிடைக்கும்.

வேண்டுமென்றே முதலிலேயே நெகிழ வைப்பதுண்டா?

உண்டு. பீரங்கிக் குழல்களையும் உயரழுத்தக் குழாய்களையும் பயன்பாட்டு அழுத்தத்தைவிட அதிகமாக ஒருமுறை ஏற்றி, உட்சுவரை நெகிழவிட்டு இறக்குவார்கள். உட்சுவர் அமுங்கிய தகைவோடு நிற்கும், பிறகு வரும் ஒவ்வொரு அழுத்தமும் முதலில் அந்த அமுக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் இழுவைக்கு வர வேண்டும். இதன் பெயர் ஆட்டோஃப்ரெட்டேஜ். ரயில் தண்டவாளத்தின் மேற்பரப்போ இதைத் தானாகவே செய்துகொள்கிறது. சக்கரங்கள் உருண்டு உருண்டு அடியில் எஞ்சிய தகைவு சேர்கிறது; நெகிழத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலான அழுத்தத்தையும் அது பிறகு மீட்சியாகவே தாங்குகிறது. சக்கரம் வழுக்கி இழுக்கும்போது இந்தச் சலுகை குறைந்துபோகும்.

கான்கிரீட், மண் போன்றவற்றுக்கும் இது பொருந்துமா?

கருத்து பொருந்தும், தேற்றத்தை அப்படியே தூக்கிப் போட முடியாது. சாலை அடித்தளத்தில் சக்கரச் சுமையால் பள்ளம் விழுந்துகொண்டே போகுமா, நின்றுவிடுமா என்பது இதே கேள்விதான். அங்கே ஷேக்டவுன் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உராய்வால் நிற்கும் பொருள்களில் நெகிழ்ச்சியின் திசை மெலான் எடுத்துக்கொண்ட விதியைப் பின்பற்றாது, அதற்கேற்ற திருத்தம் வேண்டும். கான்கிரீட் விரிசல் விட்டு வலிமை இழக்கும் பொருள். அங்கே கம்பி நெகிழ்வதைத்தான் நம்பலாம், கான்கிரீட் நொறுங்குவதை நம்பக் கூடாது. வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்டி உள்ளிருக்கும் கான்கிரீட்டைச் சிறைப்பிடித்தால், கம்பி பலமுறை முன்னும் பின்னும் நெகிழும் வரை அது கலையாமல் நிற்கும்.